கப்பலில் சோறு இருந்தால் மட்டும் போதுமா?

"கோதுமையைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்" என்று நம் உறவினர் வீட்டில் சொல்லிப் பாருங்கள். "அவ்வளவுதானே! சோறு இருக்கு, இட்லி இருக்கு, தோசை இருக்கு. கோதுமை இல்லாமல் வாழ முடியாதவர்களா நாம்?" என்றுதான் பதில் வரும். ஆறுதலாகச் சொல்லும் சொல்தான். வீட்டுச் சமையலறையில் அது ஓரளவு பலிக்கவும் செய்யும். அதே நம்பிக்கையோடு குடும்பமாக உல்லாசக் கப்பல் ஏறினால் பலிக்காது.

உல்லாசக் கப்பல் பயணம் ஒரு காலத்தில் நமக்கு எட்டாத காரியமாக இருந்தது. கெந்திங் குழுமம் 1993-இல் ஸ்டார் குரூசஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகுதான் இந்த வட்டாரத்தில் நடுத்தரக் குடும்பங்களும் கப்பலைப் பற்றிப் பேசத் தொடங்கின. இன்று பள்ளி விடுமுறை வந்தால் பகாவிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் கிள்ளான் துறைமுகத்துக்கோ சிங்கப்பூருக்கோ காரில் போய்க் கப்பல் ஏறுகின்றன. பால்மரம் வெட்டிய பெற்றோரை ஒருமுறையாவது கடலில் அழைத்துப் போக வேண்டும் என்று பிள்ளைகள் காசு சேர்க்கிறார்கள். மூன்று நாள், நான்கு நாள் பயணம். கட்டணத்திலேயே சாப்பாடும் அடக்கம். காலை முதல் நள்ளிரவு வரை எங்கேயாவது ஒரு கூடத்தில் உணவு விரித்து வைத்திருப்பார்கள். மற்றவர்களுக்கு அதுதான் கப்பலின் கவர்ச்சி. சீலியாக் நோய் உள்ளவருக்கு அதுவே கப்பலின் ஆபத்து.

முதலில் குளூட்டன் என்றால் என்னவென்று கையாலேயே தெரிந்துகொள்ளலாம். ஒரு குவளை கோதுமை மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அந்த உருண்டையை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். அது மாச்சத்து, அதில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலமாக மாறும். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவினால் கடைசியில் கையில் ஒரு சிறிய, சாம்பல் நிறமான, ரப்பர்போல் இழுபடும் பிண்டம் மிஞ்சும். அதுதான் குளூட்டன், தமிழில் பசையம் என்கிறோம். இத்தாலியின் பொலோனியா நகரத்து பெக்காரி என்ற அறிஞர் 1728-இல் இதே முறையில்தான் அதைப் பிரித்துக் காட்டினார். அரிசி மாவில் இதைச் செய்து பாருங்கள், அப்படி ஒன்றும் மிஞ்சாது. ரொட்டி சானாயை மெல்லிய துணிபோல வீசி விரிக்க முடிவதும் அரிசி மாவில் அது முடியாததும் இந்த இழுவையால்தான்.

கோதுமையிலும் அதன் உறவுத் தானியங்களான பார்லியிலும் ரையிலும் உள்ள இந்தப் புரதத்தை நம் செரிமான நொதிகளால் முழுமையாக வெட்ட முடிவதில்லை. வெட்டுப்படாத துண்டுகள் சிறுகுடலின் சுவரை அடைகின்றன. பெரும்பாலோருக்கு அதனால் ஒன்றும் இல்லை. சீலியாக் உள்ளவரின் நோய் எதிர்ப்பு மண்டலமோ அந்தத் துண்டுகளைப் பகையென்று எடுத்துக்கொண்டு போரிடத் தொடங்குகிறது. அந்தப் போரில் அடிபடுவது சொந்தக் குடலே. படிவம் இரண்டில் படித்த குடலுறிஞ்சிகளை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். விரல்போல நீண்டு நின்று உணவுச் சத்தை உறிஞ்சும் அவை தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. அதன் பிறகு எதைச் சாப்பிட்டாலும் இரும்பும் கால்சியமும் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. வயிற்றுப்போக்கு, இரத்தசோகை, வளராத பிள்ளை, இளம் வயதிலேயே எலும்புத் தேய்வு என்று ஆளுக்கு ஆள் வேறுவேறு முகம் காட்டும். சிலருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, குடல் மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, "நேற்றுச் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பது சான்று ஆகாது. இதற்கு மருந்து கிடையாது. குளூட்டனை வாழ்நாள் முழுதும் விலக்குவதுதான் சிகிச்சை.

இந்த உண்மை பிடிபட்டதில் ஒரு போருக்கும் பங்குண்டு. டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் கோதுமை மேல் முன்பே ஐயம் கொண்டிருந்தார். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் அந்நாட்டில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, ஊரெல்லாம் வாட, அவரிடம் சிகிச்சை பெற்ற சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. அவர் தம் ஆய்வேட்டை 1950-இல் முடித்தார். அதே ஆண்டுகளில் ஜப்பானியர் ஆட்சியில் நம் பக்கத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வளர்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து பகாவுக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட யுரேசியர்களும் கத்தோலிக்கர்களும் காடழித்துப் பயிரிட முயன்று மலேரியாவுக்கும் பட்டினிக்கும் பலியான கதை இங்குள்ள பெரியவர்களுக்குத் தெரியும். அந்த மரவள்ளியில் குளூட்டன் இல்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

"இது வெள்ளைக்காரர் நோய், நமக்கு வராது" என்பது அடுத்த நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. இந்தியாவின் வடக்கிலும் வடகிழக்கிலும் தெற்கிலும் 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். தெற்குக்கு எடுத்துக்கொண்ட இடம் வேலூர். சீலியாக் நோய்க்குரிய எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருந்தவர்கள் வடக்கில் 1.23 விழுக்காடு, தெற்கில் 0.10 விழுக்காடு மட்டுமே. "பார்த்தீர்களா, தமிழனுக்கு வராது" என்று இங்கேயே நிறுத்தினால் தவறு. இந்நோய்க்கு அடித்தளமான மரபணு வகைகளையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். வடக்கில் 38 விழுக்காட்டினரிடமும் தெற்கில் 36 விழுக்காட்டினரிடமும் அவை இருந்தன. ஏறக்குறைய ஒரே அளவு. வேறுபட்டது தட்டுதான். வடக்கில் ஒருவர் ஒரு நாளில் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம்.

ஆக, நம்மைக் காத்து வந்தது இரத்தம் என்பதைவிட அரிசி என்பதே பொருந்துகிறது. மலேசியத் தமிழரின் தட்டில் இன்று அந்த 25 கிராம் நிற்கிறதா? காலையில் ரொட்டி சானாய், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் மீ கோரிங், மாலையில் பிஸ்கட், இரவில் மேகி. இந்நாட்டு இளையோரில் 562 பேரின் இரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளிவந்தது. 1.25 விழுக்காட்டினரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. அதில் பங்கேற்ற இந்தியர்கள் 149 பேர்; இருவருக்கு இருந்தது. இருவரை வைத்து ஓர் இனத்துக்கே கணக்குச் சொல்ல முடியாதுதான். எதிர்ப்பொருள் இருப்பதும் நோய் உறுதியாவதும் ஒன்றல்ல. ஆனாலும் "நமக்கு வராது" என்று சொல்ல இனி இடமில்லை. ஐயம் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகு தேவைப்பட்டால் உள்நோக்கிக் குழாய் வழியே குடல் திசுச் சோதனை என்று மருத்துவர் வழி போக வேண்டும். அதுவரை கோதுமையைத் தாமாக நிறுத்தக்கூடாது. நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரக்கூடும்.

இப்போது கப்பலுக்கு வருவோம். "சோறு இருக்கிறதே" என்பவர்கள் மறப்பது இரண்டு. ஒன்று, கோதுமை தன் பெயரில் வருவதில்லை. சாம்பாரில் போடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கிச்சாப் என்ற சோயா சாற்றில் சோயாவோடு கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கிறார்கள். ஆகவே கிச்சாப் ஊற்றிய நாசி கோரிங், அரிசி உணவானாலும் ஆகாது. மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது. உடம்புச் சூட்டுக்கு நல்லதென்று பாட்டி கொடுக்கும் பார்லித் தண்ணீரும் விலக்கே. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது கடையில் வாங்கும் பலருக்குத் தோன்றுவதே இல்லை. எல்லாவற்றிலும் மோசமானது சைவ இறைச்சி. கோயில் விருந்துகளில் சைவ மட்டன், சைவ வாத்து என்று பரிமாறுவதில் பல, மேலே சொன்ன சோதனையில் கையில் மிஞ்சிய அதே பிண்டத்தால் செய்தவை. கப்பல் படிவத்தில் 'இந்திய சைவ உணவு' என்று குறியிட்டுவிட்டால் தப்பித்தோம் என்று நினைப்பவருக்குத் தட்டில் வருவது பூரியும் சமோசாவும் அந்தச் சைவ மட்டனும்தான்.

வீட்டில் வாங்கும் பொருளுக்கு உறை இருக்கிறது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி குளூட்டன் உள்ள தானியத்தை உறையில் அறிவித்தே ஆக வேண்டும். விருந்துக் கூடத்து அண்டாவுக்கு உறை ஏது?

இரண்டாவதாக மறப்பது, குளூட்டன் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் செய்யும் என்பதை. இதில் எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அவ்வளவு அஞ்ச வேண்டாம் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வாஷிங்டனில் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், சாதாரண பாஸ்தாவை வேகவைத்த தண்ணீரிலேயே குளூட்டன் இல்லாத பாஸ்தாவை வேகவைத்தபோது குளூட்டன் அளவு வரம்பைத் தாண்டியது. ஒரே டோஸ்டரில் இரண்டு வகை ரொட்டியையும் வாட்டியபோது, எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, அளவு வரம்புக்குள்ளேயே நின்றது. அந்த வரம்பு ஒரு கிலோ உணவுக்கு 20 மில்லிகிராம். கோடெக்ஸ் என்ற அனைத்துலக உணவுத் தர அமைப்பு வகுத்தது. ஒரே ஆய்வை வேதமாக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அது காட்டும் வழி தெளிவானது. உலர்ந்த துகள் ஒட்டுவது கொஞ்சம். நீரிலும் குழம்பிலும் எண்ணெயிலும் கலப்பது அதிகம். ஈரம் போகும் வழியே குளூட்டனும் போகிறது.

இதைக் கப்பல் விருந்துக் கூடத்தில் பொருத்திப் பாருங்கள். நூடல்ஸ் முகப்பில் ஒரே கொதிநீர்ப் பானை. முன்னால் நின்றவருக்கு மஞ்சள் மீயை முக்கி எடுத்த அதே வலைக்கரண்டியில் உங்களுக்குக் குவேதியாவ் வருகிறது. குவேதியாவ் அரிசிதான், மீகூனும் அரிசிதான். அது முங்கி எழுந்த தண்ணீர் கோதுமைத் தண்ணீர். இந்திய உணவு முகப்பில் பரோட்டா புரட்டிய கல்லிலேயே தோசை. எண்ணெய்ச் சட்டியில் சமோசா பொரித்தபின் அப்பளமும் உளுந்து வடையும். உருளைக்கிழங்கு வறுவலும் ரொட்டித்தூள் பூசிய கோழியும் ஒரே எண்ணெயில். எண்ணெயின் சூட்டில் எல்லாம் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். குளூட்டன் கிருமி இல்லை, சூட்டில் சாவதற்கு. கூடத்து வாசலில் கையில் ஊற்றும் கிருமிநீக்கி திரவத்துக்கும் அது மசியாது. சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவினால்தான் போகும். (கப்பல்களுக்குப் பெருந்தலைவலியான நோரோ வைரஸும் இந்த விஷயத்தில் அப்படித்தான்: சாராயத் திரவத்தை விட சவர்க்காரமே மேல். வாசலில் கைகழுவும் குழாய் இருந்தால் எல்லோரும் அதையே பயன்படுத்தலாம்.)

எல்லாம் சரியாகச் சமைத்திருந்தாலும் கரண்டி கெடுக்கும். நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில், மீ கோரிங் அள்ளிய கரண்டியை யாரோ ஒருவர் சோற்றில் வைத்துவிட்டுப் போவார். அவர் மேல் குற்றமில்லை, அவருக்குத் தெரியாது. பணியாளரே எடுத்துப் பரிமாறும் கூடங்கள் இந்த வகையில் மேலானவை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'ஒரு கரண்டியால் உணவு கெடுமா?' என்று மற்ற நாட்டார் கேட்கலாம்; மலேசியர் கேட்கக்கூடாது. ஹலால் சமையலறைக்குள் வெளிக் கரண்டி ஒன்று நுழைந்தாலும் பிரச்சினை என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை சைவச் சமையலுக்குத் தனிச் சட்டி வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே இன்றும் உண்டு. மீன் பொரித்த எண்ணெயில் வடை சுட்டால் சாப்பிடாமல் எழுந்துபோகும் பாட்டியை யாரும் 'ரொம்ப அலட்டுகிறாள்' என்று சொன்னதில்லை. அதே மரியாதையை, உடல்நலக் காரணத்துக்காகக் கேட்கும் பிள்ளைக்கும் கொடுப்பதில் நமக்கு என்ன தயக்கம்? ஹலால் சான்றும் சைவ முத்திரையும் கோதுமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தனிச் சட்டி என்ற எண்ணத்தை மட்டும் அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

குளூட்டன் இல்லாத உணவு உலகெங்கும் ஒரு நாகரிகமாகவும் ஆகிவிட்டது. எடை குறைக்க, முகம் பளபளக்க என்று பலர் விலக்குகிறார்கள். இதனால் நன்மையும் உண்டு. கப்பல்களில் அந்தப் பெயர் தெரியாத சமையல்காரர் இன்று குறைவு. தீமை, அதை விருப்பமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். காலையில் 'எனக்குக் குளூட்டன் ஆகாது' என்றவர் மாலையில் கேக் எடுப்பதைப் பணியாளர்கள் எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள். ஆகவே 'குளூட்டன் வேண்டாம்' என்று சொல்லாதீர்கள். 'சீலியாக் நோய், மருத்துவ உத்தரவு' என்று சொல்லுங்கள். கோதுமை ஒவ்வாமை என்பது வேறு நோய். மூச்சுத் திணறல் வரை போகக்கூடியது. அந்த ஒவ்வாமை உள்ளவர் தம் ஊசி மருந்தோடுதான் கப்பல் ஏற வேண்டும்.

சொல்ல வேண்டிய நேரம் பயணச்சீட்டு வாங்கும் நேரமே. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது சமையல்காரர் கடைக்குப் போய் வேறு மாவு வாங்கிவர முடியாது. எல்லாம் துறைமுகத்திலேயே ஏற்றியாக வேண்டும். பல நிறுவனங்கள் சிறப்பு உணவுத் தேவையைப் பல வாரங்களுக்கு முன்பே எழுத்தில் கேட்பது அதனால்தான். நம்மவர் பலர் முகவர் வழியாகக் குழுவாகப் போகிறோம். முகவரின் படிவத்தில் சைவம், அசைவம் என்று இரண்டே கட்டங்கள் இருந்தால் மூன்றாவதைப் பேனாவால் வரைந்து எழுதுங்கள். முகவர் சொல்லிவிட்டேன் என்றால் அந்தக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். ஏறிய முதல் நாள், பசி வருவதற்கு முன்பே, உணவகத் தலைமைப் பணியாளரைப் போய்ப் பாருங்கள். மேசையில் அமர்ந்து சாப்பிடும் உணவகத்தில் மறுநாள் உணவை முந்தின இரவே சொல்லிவைத்தால் தனியாகச் சமைத்துத் தர நேரம் கிடைக்கும். விருந்துக் கூடத்தில் அந்த வாய்ப்பு இல்லை. என் கருத்து, சீலியாக் உள்ளவர் கூடத்தில் முழுப் பழத்தையும் ஓட்டோடு கூடிய அவித்த முட்டையையும் தவிர வேறெதையும் நம்ப வேண்டியதில்லை.

கேள்வியையும் மாற்ற வேண்டும். "இதில் குளூட்டன் இருக்கா?" என்று கேட்டால், பரபரப்பில் நிற்கும் பணியாளர் "இல்லை" என்றுதான் சொல்வார், பொய் இல்லை, அவர் அறிந்தது அவ்வளவு. "இதை எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்? வேறு என்ன அதில் பொரிக்கிறீர்கள்? எந்தத் தண்ணீரில் வேகவைத்தீர்கள்? கிச்சாப் ஊற்றினீர்களா? குழம்பைக் கெட்டியாக்க மாவு கரைத்தீர்களா?" என்று கேளுங்கள். இவற்றுக்கு ஆம், இல்லை என்று தப்ப முடியாது. அவர் உள்ளே போய் விசாரித்து வருவார். விசாரிக்கப் போகாமல் பதில் சொன்னால் அந்தத் தட்டை விட்டுவிடுங்கள். கையில் ஓர் அட்டை எழுதி வைத்திருப்பதும் நல்லது. பணியாளர்களில் இந்தோனேசியர், பிலிப்பினோ, இந்தியர் பலர். நாம் தெப்போங் கண்டும் என்பதை இந்தோனேசியர் தெப்போங் தெரிகு என்பார். இந்தியச் சமையல்காரருக்கு மைதா, ஆட்டா, ரவை என்று சொன்னால்தான் உறைக்கும். கோதுமை என்ற ஒரே சொல்லில் அவர் மைதாவைச் சேர்க்காமல் விட்டுவிடக்கூடும்.

கடலில் வயிறு கெட்டால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கப்பலில் வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் மருத்துவ அறையில் முதலில் ஐயப்படுவது நோரோ வைரஸை. மற்றவர்களுக்குப் பரவாதிருக்க உங்களை அறையிலேயே தனித்திருக்கச் சொல்வது வழக்கம். குளூட்டன் பட்டவருக்கும் அதே அறிகுறிதான். அதற்காக மறைக்காதீர்கள், உண்மையிலேயே வைரஸாகவும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிய முடியாது. நோயை உறுதிப்படுத்திய மருத்துவரின் கடிதம் கையில் இருந்தால் கப்பல் மருத்துவர் இரண்டையும் எண்ணிப் பார்ப்பார். கடிதம் ஆங்கிலத்தில் இருக்கட்டும்.

இத்தனையும் செய்தபின் மிஞ்சும் ஆபத்து சமையலறையில் இல்லை, நம் மேசையிலேயே இருக்கிறது. "இவ்வளவு காசு கட்டி வந்திருக்கோம், ஒரு வாய் சாப்பிடு, ஒன்றும் ஆகாது." அத்தையோ மாமாவோ பாசத்தோடு சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இதை மறுப்பது எளிதில்லை. கணக்கைச் சொல்கிறேன். ஒரு துண்டு ரொட்டியில் ஏறக்குறைய 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கும். இத்தாலியில் 2007-இல் வெளிவந்த ஆய்வில் நாள்தோறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களின் குடலுறிஞ்சிகள் கெட்டன. ஒரு துண்டில் நாற்பதில் ஒரு பங்கு! நாளுக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலோருக்குக் கேடில்லை என்பது பொதுவான மதிப்பீடு. ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பில் உள்ள உணவை அரைக் கிலோ சாப்பிட்டால்தான் அந்த 10 வரும். அதனால்தான் முத்திரையிட்ட உணவை நம்பிச் சாப்பிடலாம். அத்தை ஊட்டும் ஒரு வாய் பரோட்டாவில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம்.

உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நான்கு நாள் பயணத்தில் தெரியாமல் ஒரு துகள் போய்விட்டால் வாழ்க்கை முடிந்துவிடாது. சிலர் இரண்டு மூன்று நாள் படுப்பார்கள், சிலருக்கு ஒன்றும் தெரியாது. விலக்கைத் தொடர்ந்தால் குடல் மீண்டும் தேறும். அச்சத்தால் அறையிலேயே அடைந்து பட்டினி கிடப்பதற்கு யாரும் கப்பல் ஏறுவதில்லை. தெரியாமல் போன துகள் வேறு, தெரிந்தே ஊட்டிய வாய் வேறு. இரண்டாவதைத் தடுக்கக் கப்பல் நிறுவனம் தேவையில்லை. குடும்பத்தில் ஒருவர் ஏறும் முன்பே மற்றவர்களிடம் பேசிவிட்டால் போதும். அந்த ஒருவர் நோயுள்ள பிள்ளையாக இல்லாமல் பெரியவராக இருப்பது நல்லது.

பைக்குள் என்ன எடுத்துப் போகலாம் என்று கேட்பவர்களுக்கு: சமைத்த உணவையும் பழங்களையும் துறைமுகங்களில் தடுப்பார்கள். கடையில் வாங்கிய, உறை பிரிக்காத, குளூட்டன் இல்லை என்று அச்சிட்ட பொட்டலங்களைப் பெரும்பாலும் விடுவார்கள். ஏறுமுன் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வறுத்த வேர்க்கடலையானால் உறையில் மாவு சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். ஓட்ஸ் எடுப்பதானால் குளூட்டன் இல்லை என்று உறையில் குறிப்பிட்டது மட்டுமே. சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருப்பது வழக்கம். கரையிறங்கி லங்காவியிலோ புக்கெட்டிலோ சுற்றும் நாளுக்கு இவை உதவும். இன்னும் முக்கியமாக, கப்பலை விட்டு இறங்கும் கடைசிக் காலைக்கு உதவும். அன்று அறையைச் சீக்கிரமே காலி செய்யச் சொல்வார்கள், மேசை உணவகத்தில் தனியாகச் சமைத்துத் தர யாருக்கும் நேரம் இருக்காது, எல்லோரும் விருந்துக் கூடத்தில் முட்டி மோதுவார்கள். மூன்று நாளும் கவனமாக இருந்தவர்கள் அன்றைக்குத்தான் பசியில் எதையாவது எடுத்து வாயில் போடுகிறார்கள். அந்த ஒரு பொட்டலத்தைக் கடைசிவரை பிரிக்காமல் வைத்திருங்கள்.